விளையாட்டுத் துவக்குக்கு விழுந்த உண்மையான அடி: யார் பிழை?

கேள்வி: “புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட ஊர். வற்றாப்பளைப் பொங்கலில வாங்கின விளையாட்டுத் துவக்கோட 9 வயசுப் பெடியன் ஒருத்தன் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால பதுங்கி வந்து, வாங்கில இருந்த ஒரு அண்ணையின்ர பிடரியில அதை வைச்சு ‘அசைஞ்சா சுட்டுப்போடுவன்’ என்டான். அவர் திரும்பி அடிச்ச அடியில பெடியன் வாங்கு மூலையில விழுந்து கை முறிஞ்சு போச்சு. பின்னேரம் பெடியன்ர மாமன்மார் ரெண்டு பேர் கொட்டனோட அவற்ற வீட்ட போய் அடிச்சு, அவருக்குத் தலையில 7 தையல். இப்ப ரெண்டு பக்கமும் பொலிஸ், வழக்கு. பெடியன் பதுங்கி வாறதை நாங்கள் நாலைஞ்சு பேர் கண்டனாங்கள்தான், பகிடிதானே என்டு பேசாம இருந்தனாங்கள். ஊர் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. யார் பிழை? ஒரு சின்னப் பிள்ளையின்ர விளையாட்டுக்கு ஒரு மனுசன் இப்பிடி அடிக்கலாமோ?”

பதில்:

நான் முந்தி வாத்தியார். பிறகு பல வருடமாக உளவளத்துணை வேலை. மத்தியஸ்த சபையிலும் கொஞ்சக்காலம் இருந்தேன். இதே கதையை ஆள் மாற்றி, ஊர் மாற்றி வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். ஓரிடத்தில் விளையாட்டுத் துவக்கு, இன்னோரிடத்தில் சீன வெடி. ஒருமுறை வெறும் கடதாசிப் பையை ஊதி உடைத்ததுதான்.

நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிக்கும். பெடியன் கொட்டிலுக்குப் பின்னால் பதுங்கி வந்தது ஒரு அரை நிமிடம் இருக்கும். துவக்கு பிடரியில் பட்டு அடி விழுந்தது ஒன்றிரண்டு விநாடி. செய்தி வீட்டுக்குப் போய், மாமன்மார் கொட்டன் தூக்கி வந்தது சில மணித்தியாலம். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பது நடுவில் உள்ள அந்த ஒன்றிரண்டு விநாடியை வைத்துத்தான். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனவே அதிலேயே தொடங்குகிறேன்.

பின்னால் இருந்து எதிர்பாராமல் ஒன்று பட்டால், அல்லது வெடித்தால், உடம்பு எங்களைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்வதில்லை. ஒரு விநாடியின் 20இல் ஒரு பங்கு போவதற்குள் கண் இமை மூடத் தொடங்கிவிடும். கழுத்து உள்ளே இழுபடும், தோள் உயரும், கை மடங்கும். ‘இது பிளாஸ்ரிக், இது பக்கத்து வீட்டுப் பெடியன்ரை குரல்’ என்று விளங்குவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். 1930களில் லாண்டிஸ், ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆட்களை இருத்தி, அவர்களுக்குத் தெரியாமல் கைத்துவக்கை வெடிக்கவைத்து, வேகமாக ஓடும் கமராவால் படம் பிடித்தார்கள். சுட்டுச் சுட்டுப் பழகியவர்களுக்குக்கூட இமை மூடுவது நிற்கவில்லை. இவ்வளவும் எல்லா மனிதருக்கும் பொது. வன்னி, கொழும்பு, கனடா என்று வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வருவது அதற்கு அடுத்த கணத்தில். ஒருத்தர் திடுக்கிட்டுத் திரும்பி, பெடியனைக் கண்டு, ‘சனியன், போடா அங்கால’ என்று பேசிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். இன்னொருத்தருக்கு அந்தக் கணத்தில் கடையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறிய, நாங்கள் மனவடு நோய் என்று சொல்லுகிற நிலைக்கு இப்படி அளவுக்கு மிஞ்சித் திடுக்கிடுவதும் ஒரு குறி. தனி ஆளுக்கு வருவது ஒருபுறம் இருக்க, ஒரு ஊரே சேர்ந்து சுமப்பதை ‘கூட்டு மனவடு’ என்று சொல்லி எழுதியவர் எங்கள் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அந்தச் சொல்லைக் கேட்டாலே வெளிநாட்டு நிறுவனக்காரரின் கருத்தரங்கு மண்டபமும் மதியச் சாப்பாட்டுப் பார்சலும் எனக்கு ஞாபகம் வரும். ஆனாலும் சரியான சொல்தான்.

என்னையே சொல்கிறேன். 2009இல் சண்டை முடிந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். கிளிநொச்சியில் ஒரு கலியாணவீடு. மாப்பிள்ளையின் கார் வந்து நிற்க யாரோ சீன வெடிக் கட்டைக் கொளுத்திவிட்டார்கள். அடுத்தது எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே இருக்கிறேன். கையில் கடித்த வடை. மேசைச்சீலைக்கு உள்ளே பக்கத்தில் இன்னொருத்தர். பொம்பிளையின் சித்தப்பா, பட்டு வேட்டியோடு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ‘மோதிரம் விழுந்து போச்சு’ என்றார் அவர். ‘ஓம், நானும் தேடுறன்’ என்றேன். வெளியே வந்து பார்த்தால் எங்களைப்போல வேறும் சிலர் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்புகிறார்கள். பெரியவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சின்னதுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. வெடிச்சத்தத்துக்கு இந்த மனிதர்கள் ஏன் மேசைக்குக் கீழே போனார்கள் என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு உடம்பு ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தது. சில பேருக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்கும். இதில் வீரமும் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. அந்த அண்ணை 2009இல் எங்கே நின்றவர், யாரோடு நின்றவர், அதற்கு முதல் என்ன செய்தவர் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் தயவுசெய்து விசாரிக்கப் போகாதீர்கள். வன்னியில் அந்தக் கேள்வியே பின்னால் இருந்து வருகிற இன்னொரு துவக்கு. ஒன்று மட்டும் சொல்லலாம். பெடியன் அதை நீட்டியது முகத்துக்கு நேரே என்றால் அவர் கண்டிருப்பார். அவன் வைத்தது பிடரியில். சொன்னதும் ‘டிஷ்யூம்’ இல்லை, ‘அசைஞ்சா சுட்டுப்போடுவன்’. பிடரியில் குழல் படுவதும் அந்தச் சொல் கேட்பதும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தலைமுறையில் பல பேருக்குத் தெரியும். சொன்ன குரல் பிள்ளையின் குரல் என்பது காதில் ஏறுவதற்குள் கை போய்விட்டது.

இதற்காக அடித்தது சரி என்று நான் எழுதவில்லை. கை முறிந்தது ஒரு பிள்ளைக்கு. ஆனால் திடுக்கிட்டு வீசிய ஒரு வீச்சையும், ஆளை அடையாளம் கண்ட பிறகு ஓங்கி அடித்த அடியையும் நான் ஒன்றாகப் போட்டுப் பார்க்கமாட்டேன். முதலாவது உடம்பினுடையது. இரண்டாவது அடி ஒன்று விழுந்திருந்தால் அது அவருடையது. நீங்கள் எழுதியபடி இங்கே விழுந்தது ஒன்றுதான், மிச்சத்தை வாங்கு மூலை செய்தது. அடித்த பிறகு அவர் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளையைத் தூக்கினாரா, மரத்துப்போய் நின்றாரா, ஓடினாரா? எனக்கென்றால் வழக்கறிக்கையைவிட அந்தத் தகவல்தான் பெறுமதி.

இனிப் பெடியன். 9 வயது என்றால் அவன் பிறக்கும்போது, சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமையே மூடிவிட்டார்கள். அது 2012 செப்ரெம்பரில் மூடியது. வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் இரைகிற சத்தம் அவனுக்குத் தெரியாது. கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும்போது பங்கருக்குள் எந்தப் பக்கமாகத் தலையை வைப்பது என்று அவனுக்கு யாரும் பழக்கவில்லை, பழக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆமிக்காரரின் தோளில் உண்மையான துவக்கைக் கண்டிருப்பான், அது வெடித்துக் கண்டிருக்கமாட்டான். அவனுக்குத் துவக்கு என்றால் போனில் சுடுகிற கேம், பொங்கலுக்குக் கச்சான் கடைக்குப் பக்கத்தில் வருகிற மணிக்கடை. கறுப்புப் பிளாஸ்ரிக், பற்றறி போட்டால் முனையில் சிவப்பு வெளிச்சம். அம்மாவிடம் அழுது வாங்கியிருப்பான். வாங்கிக் கொடுத்தவளையும் நான் குறை சொல்லமாட்டேன். திருவிழாக்கடையில் பிள்ளை அழுதால் எந்தத் தாயும் விலையைத்தான் பார்ப்பாள்.

துவக்கு விளையாடாத பிள்ளைகள் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாங்கள் ‘ஆமியும் இயக்கமும்’ விளையாடினோம். ஆமியாக நிற்க ஒருத்தனும் சம்மதிக்கமாட்டான், கடைசியில் ஆகச் சின்னவன் தலையில்தான் அது விழும். எங்களுக்குக் கடைத் துவக்குக் கிடையாது. தென்னை மட்டையில் செய்வோம், மழை பட்டால் ஊறிப்போகும். ஆனால் என்னிடம் மட்டும் நல்லது ஒன்று இருந்தது. ஐயா தச்சுவேலை. முதிரைப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, அவர் இல்லாத நேரம் உளியால் செதுக்கி, மகசீனுக்கு வளைவாக ஒரு கட்டை வைத்து ஆணி அடித்து, அடுப்புக்கரி பூசி வைத்திருந்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஏகே போலத்தான் இருக்கும். அந்தப் பெருமை எனக்கு.

1988. எனக்கு 10 வயது. ஒட்டுசுட்டான் பக்கம், குளக்கட்டு ரோட்டு. நானும் மச்சானும் பாலை மரத்துக்குப் பின்னால். ரோந்து வருகிறது. ஆமி வந்தால் வீட்டுக்கு ஓடிவர வேண்டும் என்று அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருந்தா. அன்றைக்கு என்ன பிசாசு பிடித்ததோ, மரத்துக்கு வெளியே முதிரைத் துவக்கை நீட்டி வாயால் ‘டப் டப் டப்’ என்றேன். முன்னால் வந்தவன் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டான். பிறகு ஒரு சத்தம். துவக்கு ஏற்றுகிற சத்தம். இன்றைக்கும் சைக்கிள் பூட்டு விழுகிற சத்தம் எனக்குச் சில நேரம் அப்படிக் கேட்கும். நான் மரத்துப்போனேன். ஓடியது மச்சான். என் பக்கம் இல்லை, படுத்துக் கிடந்த சிப்பாய் பக்கம். கை இரண்டையும் அகல விரித்துக்கொண்டு, ‘பலகை! பலகை!’ என்று குழறி அழுதுகொண்டு. அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. பலகை என்றால் என்னவென்று விளங்கியிருக்காது. வெறுங்கையை விரித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை விளங்கியது.

எழும்பி வந்தான். முகம் முழுக்கப் புழுதியும் வேர்வையும். எனக்கு ஒரு அறை. துவக்கைப் பறித்து முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தான். முதிரை முறியுமா? இரண்டாம் தரமும் வைத்து அமத்தினான், முழங்கால்தான் நொந்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் 20, 21 வயதுக்கு மேல் இராது. அதை எறியவும் மனம் வராமல் கையில் கொண்டே போனான். அன்று பின்னேரம் ஐயா கொட்டிலில் கிடந்த முதிரைத் துண்டுகளை எல்லாம் அள்ளி அடுப்புக்குள் வைத்தார். காசுச் சாமான் அது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று என்னைக் காப்பாற்றியது அந்தச் சிப்பாயின் பொறுமை என்று கனகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் மச்சானின் கணக்கு விளங்கியது. அங்கே நின்றவர்களில் அது பலகை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் நான், விறைத்துப்போய் நின்றேன். மற்றவன் வாய் திறந்தான்.

இதற்கு மறுபக்கமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், கிளீவ்லாந்து நகரம், 2014 நவம்பர் 22. ராமிர் ரைஸ் (Tamir Rice) என்ற 12 வயதுக் கறுப்பினப் பெடியன் ஒரு பூங்காவில் பிளாஸ்ரிக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துவக்கோடு நின்றான். அங்கே 1989 முதல் விளையாட்டுத் துவக்குகளுக்கு நுனியில் செம்மஞ்சள் நிறம் இருக்க வேண்டும் என்பது விதி. இவனுடையதில் அது இல்லை. பூங்காவில் இருந்த ஒருத்தர் அவசர இலக்கத்துக்கு அழைத்து, ஒருத்தன் ஆட்களுக்குத் துவக்கை நீட்டுகிறான் என்றார். சொன்னதோடு, அது அநேகமாகப் போலித் துவக்காக இருக்கும், ஆளும் சின்னப் பெடியனாக இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டு தகவலும் ரோந்து வாகனத்தில் வந்த பொலிசாருக்குப் போய்ச் சேரவில்லை. வாகனம் பெடியனுக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டு இரண்டு விநாடிக்குள் சூடு விழுந்தது. அடுத்த நாள் பெடியன் இறந்துபோனான். சுட்டவர்மீது குற்றம் சாட்டுவதில்லை என்று 2015 டிசெம்பரில் முடிவானது. 2016இல் நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது. கறுப்பினப் பெடியன் என்பதால்தான் இவ்வளவு கெதியாகச் சுட்டார்கள் என்று அங்கே கொதித்தெழுந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அது தனிக்கதை. எனக்கு அதில் மனதில் நிற்பது வேறு. விளையாட்டுத் துவக்காக இருக்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றியது, அவர் அதைச் சொல்லியும் இருந்தார், சொன்னது இடையில் நின்றுவிட்டது.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். ‘பெடியன் பதுங்கி வாறதை நாங்கள் நாலைஞ்சு பேர் கண்டனாங்கள்தான்.’

கோபிக்காதீர்கள். யார் பிழை என்று கேட்டவர் நீங்கள். அந்த அரை நிமிடத்தில், அது விளையாட்டுச் சாமான் என்று தெரிந்த பெரியவர்கள் நாலைந்து பேர் அந்த வாங்கில் இருந்திருக்கிறீர்கள். தெரியாதவர் ஒரேயொரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவர். இப்படியான நேரத்தில் பெடியன் என்ன செய்திருப்பான் என்று எனக்குக் கண்ணுக்குள் தெரிகிறது. வாத்தியாராக இருந்தவன் அல்லவா. குழப்படி செய்யப்போகிற பிள்ளை கடைசிப் படியில் ஒருதரம் நிற்கும். சுற்றியிருக்கிற பெரியவர்களின் முகத்தைப் பார்க்கும். முறைத்தால் திரும்பிவிடும். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தால் அதுதான் அனுமதி. யாராவது ஒருத்தர் விரலை வாயில் வைத்து ‘சத்தம் போடாதை’ என்று கண்ணைக் காட்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். தேத்தண்ணிக்கடைப் பகிடியின் ருசியே அதுதான். ஒருத்தர் துள்ளி எழும்ப, பிளேன்ரீ சாரத்தில் ஊற்றுப்பட, பத்துப் பேர் சிரிக்க வேண்டும். நானும் அந்தச் சிரிப்பைச் சிரித்தவன்தான். அந்த மனிதர் சத்தத்துக்குக் கொஞ்சம் பயந்தவர் என்று ஊருக்கு முதலே தெரிந்திருந்ததா? தெரிந்ததனால்தான் பெடியன் அவரைத் தேர்ந்தெடுத்தானா? இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம்.

‘டேய், உதை இறக்கு’ என்று ஒரு சொல். அல்லது, ‘அண்ணை, பின்னால பெடியன் வாறான், விளையாட்டுத் துவக்கு’. அவ்வளவும் போதும். பகிடி கெட்டுப்போயிருக்கும், கை முறிந்திராது.

மாமன்மாரைப் பற்றிக் கனக்க எழுத ஒன்றுமில்லை. அவர்களுக்கு இரண்டு விநாடி இல்லை, ஒரு பின்னேரம் முழுக்க இருந்தது. மருமகனின் கைக்கு மாக்கட்டுப் போட்டதைப் பார்த்திருப்பார்கள், கதை வீடு வீடாகப் போகப் போக ‘தட்டிவிட்டவன்’ என்பது ‘தூக்கி அடிச்சவன்’ ஆகியிருக்கும், இடையில் தவறணையும் ஒன்று இருந்திருக்கலாம். தாய்மாமன் என்ற உரிமை காது குத்துக்கும் கலியாணத்துக்கும் முன்னுக்கு நிற்க உள்ளது. வேலியில் கொட்டன் பிடுங்க உள்ளதல்ல. அவர்கள் ரோட்டால் போகும்போதும் அதைக் கண்டவர்கள் இருந்திருப்பார்கள், அங்கேயும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தரைப் பிடித்துக் கேட்பது நல்லது. 2018இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியதில் இருந்து 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. அதற்கு முதல் அந்த எல்லை 8 வயதாக இருந்தது. ஆகவே ‘பெடியனையும் உள்ளுக்குப் போடவேணும்’ என்று கத்துகிறவர்கள் அதை விடலாம். எலும்பு முறிவு சட்டத்தில் சாதாரண காயம் அல்ல, கடும் காயம். அதனால் அண்ணையின் வழக்கு இலேசானதல்ல. ஆனால் உண்மையாகவே உயிருக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு பிழையாக நம்பி ஒருத்தர் தன்னைக் காக்கச் செய்ததை நீதிமன்றம் வேறாகப் பார்க்க வழி இருக்கிறது. அதை நிறுவச் சாட்சி வேண்டும். தற்காப்பு ஆபத்து நிற்கும்வரைதான் தற்காப்பு. சில மணித்தியாலம் கழித்து வீடு தேடிப் போவதை எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லாது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் சின்னக் கைகலப்புகளைத் தீர்த்துவைக்கும். ஆனால் முறிவும் வீடு புகுந்து அடித்ததும் இருக்கிற இடத்தில் எல்லாம் அங்கே முடியும் என்று எண்ண வேண்டாம்.

பிள்ளையின் கை பொருந்திவிடும். 9 வயது எலும்பு கெதியாகக் கூடும். ஆனால் தன்னால்தான் மாமாவைப் பொலிஸ் பிடித்தது, தன்னால்தான் ஒரு மனிதரின் தலை உடைந்தது என்று அவன் இரவில் கிடந்து யோசிப்பான். அதைத் தாய் தகப்பன் வாயால் மாற்ற வேண்டும். ‘பின்னால் போய் ஆட்களை வெருட்டினது பிழை. மிச்சமெல்லாம் பெரிய ஆட்கள் செய்தது, உன்ர கணக்கில இல்லை.’ இவ்வளவும் சொன்னால் போதும், சண்டைக் காலத்துக் கதை முழுவதையும் அவன் தலையில் கொட்டத் தேவையில்லை. நித்திரையில் கத்துகிறான், படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான் என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1929 பிள்ளைகளுக்கான இலக்கம், 1926 மனநல உதவிக்கு. இரண்டாவது இலக்கம் அந்த அண்ணைக்கும் பொருந்தும்.

விளையாட்டுத் துவக்கைத் தடைசெய்ய வேண்டும், திருவிழாக்கடைகளில் பறிக்க வேண்டும் என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கடையை மூடினால் முதிரைப் பலகை இருக்கிறது. வீட்டில் இரண்டு விதி வைத்தால் காணும். விளையாட்டில் சேராத ஆளுக்கு நீட்டக்கூடாது. பின்னால் இருந்து ஒருத்தருக்கும் நீட்டக்கூடாது. குண்டு போட்டுச் சுடுகிற வகை என்றால் அதை வீட்டுக்கே கொண்டு வராதீர்கள், அந்த 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

துவக்கைவிட எனக்குப் பயம் வேறொன்றில். எங்கள் மண்ணில் விளையாட்டுச் சாமான் போல இருக்கிற உண்மையான சாமான் இன்னும் கிடக்கிறது. மீள்குடியேறிய புதிதில் நான் படிப்பித்த வகுப்பில் ஒரு பெடியன் புத்தகப் பையால் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். துருப்பிடித்த இரும்பு, நாலு பக்கமும் செட்டை. மோட்டார் ஷெல்லின் வால். ‘பேனை வைக்கிறதுக்கு, சேர்’ என்றான். வால் மட்டும்தான், முன்பக்கம் வெடித்துப் போயிருந்தது. ஆனால் அதைக் கண்ட கணத்தில் எனக்கு அது தெரியவில்லை. நான் போட்ட கத்தலில் வகுப்பு முழுக்க வெளியே ஓடியது. அவன் மட்டும் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், சேரை வெருட்டிவிட்டேன் என்று. அவனுக்கு அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பக்கத்து வகுப்பு ரீச்சர் கையைப் பிடித்துவிட்டா. அந்த வாலை எங்கே எடுத்தான் என்று கேட்டுப் போய்ப் பார்த்தால், எடுத்த இடத்தில் வெடிக்காத ஒன்று முழுசாகக் கிடந்தது. துருப்பிடித்த எதையும் தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல்லு என்று உங்கள் ஊரில் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா? துவக்குப் பறிக்கப் புறப்பட்டவர்கள் அதைச் செய்யட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாங்கில் இருந்த நாலைந்து பேரும் பொலிசில் கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள், சிரித்துக்கொண்டு இருந்ததையும் சேர்த்து. அந்த அண்ணை திடுக்கிட்டுத்தான் அடித்தார் என்பதற்கு உங்களைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. பெடியனின் வீட்டுக்கும் போய் அதையே சொல்லுங்கள். அதற்கு முதல் அண்ணை வீட்டுக்குப் போங்கள். பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது. தலையில் தையலோடு இருக்கிற மனிதர், வீட்டுக்குள் கொட்டனோடு ஆட்கள் வந்து இன்னும் கனநாள் ஆகவில்லை. கூட்டமாகப் போகாமல் இரண்டு பேர் போனால் போதும். பின்பக்கத்தால் குறுக்குப் பாதையில் போகாதீர்கள். ரோட்டுப் பக்கமாகப் போய், சைக்கிள் மணியை அடித்து, படலையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வெளியே வந்து உங்கள் முகத்தைக் கண்ட பிறகு உள்ளே போங்கள்.